காருக்குள் கணினி: திருகோணமலை வெயிலுக்கு எந்தக் குளிரூட்டல் பொருந்தும்?

கச்சான் காற்று வீசும் மாதங்களில், உவர்மலையிலோ உப்புவெளிக் கடற்கரையோரத்திலோ நிழலின்றி நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகை செல்சியஸை எட்டிவிடும். டாஷ்போர்டின் மேற்பரப்பு அதைவிடவும் சுடும். வன்தட்டுகளுக்கு இயங்குவெப்ப எல்லையாக உற்பத்தியாளர்கள் பொதுவாகக் குறிப்பது 60 பாகை, சுழலும் பாகமற்ற சேமிப்பகமான சாதாரண எஸ்எஸ்டிகளுக்கு 70 பாகை என்பதால், காரில் பொருத்தும் கணினிக்கு வன்தட்டை முதலிலேயே விலக்கிவிடலாம்.

மின்விசிறி மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் எந்த விசிறியும் கணினியைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக்காது. உட்புறம் 60 பாகையில் இருந்தால் அந்த 60 பாகைக் காற்றைத்தான் அதுவும் வீசும். போதாக்குறைக்கு, நிலாவெளி மணலும் உப்புக்காற்றும் பேரிங்கை விரைவில் அரித்துவிடும். இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட் அளவுக்கு ஏறுவதால், விசிறியை பற்றரியில் நேரே கொடுக்காமல் கணினியின் மின்வழங்கியிலிருந்து 12 வோல்ட் எடுத்துக் கொடுப்பதே நல்லது.

பெல்டியர் தகடு, அதாவது மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடேறும் தகடு, பார்வைக்குக் கவர்ச்சியானது, கணக்கில் தோற்றுப்போவது. பரவலாக விற்கப்படும் டிஇசி1-12706 வகை 12 வோல்டில் ஏறத்தாழ 60 வாட் விழுங்குகிறது. கணினியின் 20 வாட்டுடன் சேர்த்து 80 வாட் வெப்பம் அதன் சூடான பக்கத்தால் வெளியேற வேண்டும். அதைக் காருக்குள்ளேயே விட்டால், ஏசிக்குச் சுமையைக் கூட்டியதுதான் மிச்சம். நீர்க்குளிரூட்டல், இந்த ஊர் வீதிகளின் குலுக்கலில் குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்று எண்ணும்போதே கைவிடத்தக்கது.

ஏசி குழாயிலிருந்து கிளை எடுத்துக் கணினிப் பெட்டிக்குள் விடுவது நன்றாகவே குளிர்விக்கும். ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் ஆவியாக்கியைக் கடந்துவரும் காற்று ஈரம் குறைந்ததாகையால் ஓடும்போது சிக்கல் இல்லை; ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் கடற்கரையின் ஈரக்காற்று புகுந்து, குளிர்ந்திருக்கும் மின்சுற்றுப் பலகையின்மீது வியர்த்துவிடுவதே ஆபத்து.

எனவே என் தெரிவு, 10 வாட் அளவிலான செயலியுடன், விசிறியின்றி உடலே வெப்பத்தை உதறும் துடுப்புகள் கொண்ட அலுமினியப் பெட்டி. அதை டிக்கியில் வைத்தால் வெயில் நேரே படாது, ஆனால் செடான் வகைகளில் ஏசியும் அங்கே எட்டாது. முன் இருக்கையின் கீழ் வைத்து, துடுப்புகளின்மீது வெளியிலிருந்து ஒரு சிறு விசிறி வீசச் செய்வது மேல். அந்த விசிறி பழுதானாலும் கணினி வேகம் குறைந்து ஓடுமேயன்றி உடனே நின்றுவிடாது. இதனுடன், சூடேறினால் திறந்து மின்சுற்றைத் துண்டிக்கும் கேஎஸ்டி 301 வகை வெப்பச் சுவிட்சை, சாவியைத் திருப்பியதும் கணினியை இயங்கச் சொல்லும் இக்னிஷன் சமிக்ஞை வயரில் தொடராக இணைத்துவிட்டால், உட்புறம் ஆறும்வரை கணினி விழிக்காது. விசிறியின் தரத்தைவிட இந்தச் சில நிமிடத் தாமதமே கணினியைக் கூடுதலாகக் காக்கும்.

இருக்கைக்குக் கீழே உள்ள மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றைத் தொடக்கூடாது. வாடை மழையில் தரைவிரிப்பு நனையும் என்பதால் பெட்டியை இரண்டு விரற்கடை உயர்த்திப் பூட்ட வேண்டும். இலங்கையில் நிறையவே ஓடும் வாகன்-ஆர் ஹைபிரிட்டில் பயணி இருக்கையின் கீழ் லித்தியம் பற்றரி இருப்பதால், அந்தக் காருக்கு மட்டும் வேறிடம் தேட வேண்டியிருக்கும்.