மின்சாரம் போன பிறகு எந்த டிரைவர்?

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் எங்காவது ஒரு கற்பூர மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்துவிடும். அதை அறுத்து அகற்றி, கம்பியை இழுத்துக் கட்டி, வெளிச்சம் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை லேப்டாப் பேட்டரியை நம்பித்தான் பிழைப்பு. எங்கள் வீட்டு மேசையில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் இரண்டு லேப்டாப்கள் இருக்கின்றன. என்னுடையது பழசு, இன்டெல் கிராஃபிக்ஸோடு கூடவே என்விடியாவின் தனி கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 உண்டு. அக்கா மகனுடையதில் இன்டெல்லோடு என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050. ஒரே இருட்டில் இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. அதனால் என்விடியா கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் எது நல்லது என்று யாராவது கேட்டால், கார்டுக்கு என்ன வயது என்று திருப்பிக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

கணக்கு எளிது. 50 வாட்-மணி பேட்டரியிலிருந்து 8 வாட் இழுத்தால் ஆறேகால் மணி நேரம் வரும். 16 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கை, வேலையே இல்லாமல் விழித்திருக்கும் என்விடியா கார்டு ஒன்றே தின்றுவிடக்கூடும். எனவே பேட்டரியில் ஓடும்போது டிரைவரின் வேகத்தைப் பார்ப்பதைவிட, அது கார்டைத் தூங்க வைக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். நம் முன் மூன்று வழிகள்: லினக்ஸின் கருவான கெர்னலோடு வரும் நூவோ டிரைவர், என்விடியாவின் சொந்த டிரைவரை 'ஆன்-டிமாண்ட்' முறையில், அதாவது தேவைப்படும்போது மட்டும் கார்டுக்கு வேலை கொடுக்கும்படி, ஓட்டுவது, என்விடியாவை அடியோடு அணைத்துவிட்டு இன்டெல்லோடு மட்டும் இருப்பது.

நூவோவை இளக்காரமாகப் பேசாதவர்கள் குறைவு. என்விடியாவின் உதவி இல்லாமல், கார்டு நடந்துகொள்ளும் விதத்தைத் துருவித் துருவிப் பார்த்துத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய டிரைவர் இது. 2010இல் வந்த 2.6.33 கெர்னலில் சேர்ந்தது. ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இல்லாமல் கார்டின் வேகத்தை மாற்ற முடியாது என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். என் 1050 அந்தப் பூட்டுக்குள் மாட்டிக்கொண்ட தலைமுறை. நூவோவில் அது இயந்திரம் தொடங்கும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே நொண்டும். வீடியோ வெட்டி ஒட்ட உதவாது. ஆனால் பேட்டரியில் இதே நொண்டி முந்திவிடுகிறது! வேலை இல்லை என்றால் சில விநாடிகளில் கார்டின் மின்சாரத்தையே துண்டித்துவிடும் வழக்கம் நூவோவுக்கு உண்டு. என்விடியாவின் சொந்த டிரைவரில் அந்த முழுத் தூக்கம் 2018இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தைய பாஸ்கல் கார்டை, அதாவது என்னுடையதை, 'ஆன்-டிமாண்ட்' முறையில் வைத்தால் கார்டு கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கும்.

நூவோவிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சில லேப்டாப்களில் தூங்கிய கார்டு எழுந்திருக்கவே மறுத்து, இயந்திரம் முழுவதையும் உறைய வைத்துவிடும். தூக்கத்தைக் கட்டுப்படுத்தும் 'ரன்பிஎம்' என்ற நூவோ அமைப்பைப் பூஜ்யமாக்கினால் உறைவது நிற்கும். தூக்கமும் அதோடு போய்விடும்.

அக்கா மகனின் 3050 டூரிங்குக்கு அடுத்த ஆம்பியர் தலைமுறை. அதற்கு என்விடியா டிரைவரைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். அந்தத் தலைமுறை லேப்டாப்களில் முழுத் தூக்கம் இயல்பாகவே இயங்கும். டூரிங் என்றால் டிரைவரின் 'டைனமிக் பவர் மேனேஜ்மென்ட்' அமைப்பை நாமே இயக்கிக்கொள்ள நேரலாம். கெர்னல் 6.7 முதல் நூவோவும் என்விடியாவின் ஜிஎஸ்பி ஃபர்ம்வேரைப் பயன்படுத்தி டூரிங்கிலும் அதற்குப் பிந்தைய கார்டுகளிலும் வேகத்தைக் கூட்டக் கற்றுக்கொண்டது. இருந்தாலும் அன்றாட வேலைக்கு நான் இன்னும் அதை நம்பி இறங்கவில்லை.

தூங்குகிறதா என்று சோதிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எல்லோரும் உடனே கார்டின் நிலவரம் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளையைத்தான் தட்டுகிறார்கள். அது கார்டைத் தட்டி எழுப்பித்தான் விவரம் கேட்கும். தூங்குகிறாயா என்று குழந்தையை உலுக்கிக் கேட்பது மாதிரி. அதைத் திரை ஓரத்தில் ஓடவிட்டுக்கொண்டே பேட்டரி நிற்கவில்லை என்று ஒரு வாரம் புலம்பினான் பையன். கெர்னல் தன் நிலவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் 'சிஸ்' (/sys) அடைவில் அந்தக் கார்டுக்கு உரிய இடத்தில் 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' என்ற கோப்பு இருக்கிறது. அதைப் படித்தால் கார்டு எழாது. 'சஸ்பெண்டட்' என்று இருந்தால் தூக்கம், 'ஆக்டிவ்' என்றால் விழிப்பு. மொத்தம் எத்தனை வாட் போகிறது என்பதைச் சார்ஜரைக் கழற்றிவிட்டு 'பவர்டாப்' நிரலில் பார்க்கலாம்.

பேட்டரிக்கு மாறியதும் திரை மினுங்கினால் எல்லோரும் என்விடியாவைத் திட்டுகிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பல லேப்டாப்களில் திரையை ஓட்டுவது இன்டெல்தான். படம் மாறாதபோது மின்சாரம் சேமிக்க உதவும் 'பிஎஸ்ஆர்' வசதி சில திரைகளோடு ஒத்துப்போகாது. கெர்னல் அமைப்பில் 'ஐ915' என்ற இன்டெல் டிரைவருக்கு அதை அணைத்துப் பாருங்கள். மினுங்கல் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். இன்னொன்று, திரை கறுத்துப் போனால் கெர்னலுக்கு 'நோமோட்செட்' என்ற தொடக்கக் கட்டளையைப் போட்டு உள்ளே போவது சரி, ஆனால் வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நான் எடுக்க மறந்து ஒரு மழைக்காலம் முழுவதும் பேட்டரியைக் குறை சொன்னேன். அது இருக்கும்வரை கிராஃபிக்ஸ் டிரைவர்கள் சரியாக ஏறுவதே இல்லை. மின்சேமிப்பு எங்கிருந்து வரும்?

மலையில் இருப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய வேறு ஒரு வேறுபாடும் உண்டு. நூவோ கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது; கெர்னலைப் புதுப்பித்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். என்விடியா டிரைவர் வெளியே இருந்து ஒட்டுவது. சில அமைப்புகளில் ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அதை மறுபடி தொகுக்க வேண்டும். பாதியில் பேட்டரி இறங்கினால் மறுநாள் கறுப்புத் திரைதான் வரவேற்கும். பாஸ்கல்காரர்களுக்கு இதில் இன்னும் ஒரு கவலை: என்விடியா டிரைவரின் 580 வரிசைதான் அவர்களுக்குக் கடைசி, அதற்குப் பிந்தைய டிரைவர்கள் அந்தக் கார்டுகளைச் சேர்த்துக்கொள்வதில்லை.

ஆக, என் 1050க்கு மூன்றாவது வழி, இன்டெல் மட்டும். எந்த கிராஃபிக்ஸ் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் 'ப்ரைம்-செலக்ட்' கட்டளையில் 'இன்டெல்' என்று கொடுத்து, என்விடியாவைக் கண்ணுக்கே தெரியாமல் வைத்திருக்கிறேன். கடிதம், பசுந்தேயிலைக் கணக்கு, இணையம் எல்லாவற்றுக்கும் இன்டெல் தாராளம். ஒரே குறை, என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை என்விடியா கார்டோடு இணைந்திருக்கிறது; பல லேப்டாப்களில் இப்படித்தான். இன்டெல் முறையில் ப்ரொஜெக்டரைச் செருகினால் சுவரில் ஒன்றும் விழாது. சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. முறையை மாற்றினால் இயந்திரத்தை மூடித் திறக்கவும் வேண்டும். இப்போது கூட்டம் என்றால் முந்தின இரவே, மின்சாரம் இருக்கும்போது, 'ஆன்-டிமாண்ட்'டுக்கு மாற்றிவிட்டுப் படுக்கிறேன். சார்ஜரையும் மறக்காமல் பையில் வைக்கிறேன்.