டபிள்யூசஸ் ஆஃப்லைன் அப்டேட்: எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஏன் நிற்கிறது

இணைய இணைப்பே இல்லாத கணினிகளுக்கு விண்டோஸ் பேட்ச் (அப்டேட்) போட வேண்டியவர்கள் இன்றும் தேடிப் போவது டபிள்யூசஸ் ஆஃப்லைன் அப்டேட்டைத்தான். ஜெர்மனியில் ஒரு கணினி இதழின் ஸ்கிரிப்டாகத் தொடங்கிய கருவி இது. இப்போது கிட்லேப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் சமூகப் பதிப்பாக இருக்கிறது. காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ். பெயரைப் பார்த்து, அலுவலகக் கணினிகளுக்கு அப்டேட் பகிரும் மைக்ரோசாஃப்டின் டபிள்யூசஸ் சர்வர் வேண்டுமோ என்று யோசிக்க வேண்டாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கருவிக்கு இரண்டு பாதிகள். இணையம் உள்ள கணினியில் அப்டேட்ஜெனரேட்டரை ஓட்டினால் அப்டேட் கோப்புகள் 'கிளையன்ட்' ஃபோல்டரில் வந்து சேரும். அந்த ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்துப் போய், இணையம் இல்லாத கணினியில் அப்டேட்இன்ஸ்டாலரை ஓட்ட வேண்டும். வேலை செய்யும்போது அருமையாகச் செய்யும். செய்யாதபோதுதான் சிக்கல்: திரையில் வரும் செய்தியை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கருவி எழுதி வைக்கும் பதிவுக் கோப்பான லாக்கைத் திறந்தே ஆக வேண்டும். இறக்கும் பக்கத்து லாக், கருவியின் 'லாக்' ஃபோல்டரிலேயே இருக்கும். நிறுவும் பக்கத்து லாக் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'டபிள்யூசஸ்ஆஃப்லைன்அப்டேட்' என்ற பெயரில் இருக்கும். கடைசி வரி எந்தக் கட்டத்தைச் சொல்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

இறக்கும் பக்கத்தில் முதல் தொல்லை ஆன்டிவைரஸ். ஜெனரேட்டர் ஆட்டோஇட் என்ற ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டது. ஆட்டோஇட் எக்ஸி என்றாலே சில ஆன்டிவைரஸ்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். சத்தமில்லாமல் கோப்பைத் தூக்கி குவாரன்டைனில் போட்டுவிடும். ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் ஜெனரேட்டரை விட்டுவிட்டு, 'சிஎம்டி' ஃபோல்டரில் உள்ள டவுன்லோட்அப்டேட்ஸ் ஸ்கிரிப்டை கமாண்ட் பிராம்ப்டில் நேரடியாக ஓட்டலாம். ஜெனரேட்டரும் பின்னணியில் அதைத்தான் அழைக்கிறது.

இரண்டாவது, பாதை. கருவியைச் சி டிரைவின் வேரிலேயே குட்டிப் பெயரில் வையுங்கள். டெஸ்க்டாப்பில் 'புதிய ஃபோல்டர்' என்று தமிழில் பெயரிட்டு அதற்குள் வைத்தால் வம்பு. கருவியின் ஸ்கிரிப்டுகள் இடைநிலைப் பட்டியல்களை டெக்ஸ்ட் கோப்பாக எழுதித் திரும்பப் படிப்பவை; கமாண்ட் பிராம்ப்டின் பழைய கோட்பேஜில் (எழுத்துக் குறியீட்டுப் பட்டியல்) தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பிறகு கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'காணவில்லை' என்றே வரும்.

மூன்றாவது, டிஜிட்டல் கையொப்பச் சோதனை. இறக்கிய ஒவ்வொரு கோப்பையும் மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் சிக்செக் என்ற கையொப்பம் பார்க்கும் நிரலைக் கொண்டு கருவி சோதிக்கிறது. பிறகு ஒவ்வொரு கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்புகளை எழுதி வைக்கிறது. அலுவலகத்தின் புராக்ஸி (இணையப் போக்குவரத்தைக் கடத்தும் இடைச் சர்வர்) ஒரு கோப்பைப் பாதியில் வெட்டி, அதன் இடத்தில் தன்னுடைய எச்சரிக்கைப் பக்கத்தைத் தந்தால், அந்தக் கோப்பு கையொப்பம் இல்லாதது என்று அழிக்கப்படும். லாக்கில் அழிப்பு எச்சரிக்கைகள் வரிசையாக வந்தால் புராக்ஸியைத்தான் முதலில் பாருங்கள். சோதனை நேரத்தைத் தின்கிறது என்று அதற்கான டிக்கை எடுத்துவிடும் பழக்கம் நிறைய பேரிடம் உண்டு. தயவுசெய்து எடுக்காதீர்கள். கெட்ட கோப்பு இணையம் உள்ள இடத்தில் பிடிபட்டால் பத்து நிமிட வேலை. பேட்ச் போடப் போன இடத்தில் பிடிபட்டால் ஒரு நாள் போச்சு.

நிறுவும் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. கருவி தானாக எந்த அப்டேட் தேவை என்று முடிவு செய்வதில்லை. மைக்ரோசாஃப்ட் வெளியிடும் டபிள்யூசஸ்எஸ்சிஎன்2 என்ற கேப் (சுருக்கிய தொகுப்பு) கோப்பை விண்டோஸிலேயே உள்ள விண்டோஸ் அப்டேட் ஏஜென்டிடம் கொடுத்து, 'இதில் எது இந்தக் கணினியில் இல்லை?' என்று கேட்கிறது. அந்தக் கேப் வெறும் விவரப் பட்டியல், அப்டேட் கோப்புகள் அதில் இல்லை. செக்யூரிட்டி அப்டேட், ரோலப் (பல அப்டேட்டுகளின் தொகுப்பு), சர்வீஸ் பேக் ஆகியவை மட்டுமே பட்டியலில் வரும். டிரைவர் வராது, விருப்பத்தேர்வு பிரிவ்யூ அப்டேட் வராது, ஃபீச்சர் அப்டேட்டும் வராது.

'விடுபட்ட அப்டேட் எதுவும் இல்லை' என்ற செய்தியை நம்பி ஏமாறுவது இதனால்தான். விண்டோஸ் 10இன் 1909 பதிப்பு ஓடும் கணினியில், அந்தப் பதிப்புக்கு வந்த கடைசி அப்டேட் போட்டுவிட்டால் கருவி நிம்மதியாகப் பச்சைக்கொடி காட்டும். பதிப்பே காலாவதியானது என்று அதற்குத் தெரியாது. முதலில் பதிப்பைக் காட்டும் வின்வர் கமாண்டை ஓட்டிப் பாருங்கள். 2004 முதல் 21எச்2 வரை என்றால், உரிய குமுலேட்டிவ் (முந்தையவற்றையும் உள்ளடக்கிய) அப்டேட்டுக்குப் பிறகு, உள்ளே ஏற்கனவே இருப்பதைத் திறந்துவிடும் கேபி5015684 என்ற சிறிய எனேபிள்மென்ட் பேக்கேஜ் போட்டாலே 22எச்2 ஆகிவிடும். 1909 போன்றவற்றுக்கு முழு ஐஎஸ்ஓ (நிறுவல் டிஸ்க் கோப்பு) வேண்டும்.

இனி பிழை எண்கள். முன்னால் வரும் '0எக்ஸ்' விட்டே எழுதுகிறோம். 80070422 என்றால் விண்டோஸ் அப்டேட் சர்வீஸ் முடக்கப்பட்டிருக்கிறது. 'ஆட்டோ அப்டேட் தொல்லை' என்று யாரோ எப்போதோ டிசேபிள் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். சர்வீசஸில் மேனுவல் என்று மாற்றினால் போதும். 8007000இ என்றால் விடுபட்ட அப்டேட்டைத் தேடும் ஸ்கேனுக்கு ரேம் போதவில்லை. 2 ஜிபி ரேம் உள்ள பழைய 32 பிட் கணினிகளில் இது சகஜம். விண்டோஸ் 7 ஸ்கேன் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தால் முதலில் கேபி3020369, அதன் பிறகு கேபி3172605 இரண்டையும் கையால் நிறுவுங்கள். அப்டேட் ஏஜென்டின் அந்தப் பழைய நோய்க்கு இதுதான் மருந்து. விண்டோஸ் 7க்கு இன்னொரு ஜோடியும் கட்டாயம்: கேபி4490628, கேபி4474419. இவை இல்லாவிட்டால் ஷா-2 என்ற புதிய வகைக் கையொப்பம் மட்டுமே உள்ள பிந்தைய அப்டேட்டுகளை அது ஏற்காது.

800பி0109, 800பி0101 இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், காரணம் வேறு வேறு. முதலாவது, ரூட் சான்றிதழ் நம்பகப் பட்டியலில் இல்லை என்கிறது. இணையம் பார்க்காத கணினிக்குப் புதிய ரூட் சான்றிதழ்கள் தானாக வந்து சேர்வதில்லை. இணையம் உள்ள கணினியில் செர்ட்யூட்டில் என்ற சான்றிதழ் கமாண்டை 'ஜெனரேட்எஸ்எஸ்டிஃப்ரம்டபிள்யூயூ' என்ற ஆப்ஷனோடு ஓட்டி வரும் கோப்பை எடுத்துப் போய், இங்கே டிரஸ்டட் ரூட்டில் இம்போர்ட் செய்ய வேண்டும். இரண்டாவது, சான்றிதழின் செல்லுபடிக் காலத்துக்கு வெளியே கணினியின் தேதி நிற்கிறது என்கிறது. டாஸ்க்பாரின் ஓரத்தைப் பாருங்கள், ஜனவரி 2009 என்று இருக்கும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். தேதியை மட்டும் சரி செய்தால், அடுத்த முறை பிளக்கைப் பிடுங்கியதும் மறுபடி 2009தான். பேட்டரியை மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

800எஃப்0823 வந்தால் சர்வீசிங் ஸ்டாக், அதாவது அப்டேட்டை நிறுவும் விண்டோஸ் பகுதி, பழையது. விண்டோஸ் 10 2004 முதல் உள்ள பதிப்புகளுக்கு 2021இலிருந்து சர்வீசிங் ஸ்டாக்கும் குமுலேட்டிவ் அப்டேட்டும் ஒரே தொகுப்பாக வருகின்றன. அதற்கு முந்தையவற்றில் ஸ்டாக்கைத் தனியே முதலில் போட வேண்டும். 80240017 பிழை இல்லை, 'இந்தக் கணினிக்கு இது பொருந்தாது' என்ற தகவல். 3010ம் பிழை இல்லை. ரீஸ்டார்ட் கேட்கிறது, அவ்வளவுதான். 80073712 அல்லது 800எஃப்0831 என்றால் விண்டோஸின் சிஸ்டம் கோப்புகள் சேமிக்கப்படும் காம்பொனென்ட் ஸ்டோரே கெட்டிருக்கிறது. இணையம் இல்லாததால் டிஸ்ம் என்ற விண்டோஸ் கமாண்டின் ரீஸ்டோர்ஹெல்த்துக்கு அதே பதிப்பின் ஐஎஸ்ஓவில் உள்ள இன்ஸ்டால் விம் கோப்பைச் சோர்ஸாகக் காட்டி, 'லிமிட்ஆக்சஸ்' ஆப்ஷனையும் சேர்த்து ஓட்டுங்கள்.

லாக்கில் ஒரு கேபி எண்ணோடு 'நாட் ஃபவுண்ட்' என்ற எச்சரிக்கை வந்தால், ஏஜென்ட் கேட்ட அப்டேட் பென் டிரைவில் இல்லை என்று பொருள். பெரும்பாலும் இறக்கும்போது டாட்நெட் டிக்கை விட்டிருப்பீர்கள். இல்லையென்றால் அந்த எண் விலக்குப் பட்டியலில் இருக்கும். உங்கள் சொந்த மாற்றங்களை 'கஸ்டம்' துணை ஃபோல்டர்களில் மட்டும் எழுதுங்கள். மூலப் பட்டியல்களில் கை வைத்தால் கருவியின் அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும்.

இந்தக் கருவியில் எங்களுக்குப் பிடிக்காதது 'ஆட்டோமேட்டிக் ரீபூட் அண்ட் ரீகால்'. கேட்க வசதியானது: ரீஸ்டார்ட் ஆகித் தானே தொடரும். இதற்காக டபிள்யூஓயூடெம்ப்அட்மின் என்ற தற்காலிக நிர்வாகக் கணக்கை உருவாக்கி, ஆட்டோலாகின் போட்டு, நிர்வாக அனுமதி கேட்கும் யூஏசியையும் அணைக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலோ யாராவது பென் டிரைவைப் பிடுங்கினாலோ, பாஸ்வேர்ட் கேட்காமல் நிர்வாகியாகத் திறக்கும் கணினி மிஞ்சும். டொமைனில் உள்ள கணினியில் லாகினுக்கு முன் சட்ட அறிவிப்பு காட்டப்பட்டால் ஆட்டோலாகின் அங்கேயே நின்றுவிடும். கிளையன்டின் 'சிஎம்டி' ஃபோல்டரில் உள்ள கிளீனப்ரீகால் ஸ்கிரிப்ட் இதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவரும். கேட்டால், கையாலேயே இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்வதைத்தான் சொல்வோம்.

விண்டோஸ் 7, 8.1, 10 கலந்து கிடக்கும் ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இதைவிட நல்ல இலவசக் கருவி இல்லை. விண்டோஸ் 11 24எச்2க்கு மட்டும் இதைத் தொட வேண்டாம், அப்டேட்டுகளை நேரடியாக இறக்கும் தளமான மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேடலாக்கும் டிஸ்மும் போதும். அங்கே, முந்தைய அப்டேட் ஒன்றை அடித்தளமாகக் கொண்டு அடுத்தவை வரும் 'செக்பாயின்ட்' முறை வந்துவிட்டது. கேடலாக்கில் ஒரு மாத அப்டேட்டை அழுத்தினால் இரண்டு எம்எஸ்யூ (அப்டேட் நிறுவும்) கோப்புகள் தெரியும். ஒன்று செப்டம்பர் 2024இன் கேபி5043080, அதுதான் செக்பாயின்ட். இரண்டையும் வேறு எதுவும் இல்லாத ஒரே ஃபோல்டரில் வைத்து, டிஸ்மின் ஆட்-பேக்கேஜுக்குப் புதிய கோப்பின் பாதையை மட்டும் கொடுங்கள். செக்பாயின்ட் தேவையென்றால் அதுவே பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இந்தத் தொகுப்புகள் ஜிபி கணக்கில் பெருத்துவிட்டன. ஃபேட்32 பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. முதலிலேயே என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

நெட்வொர்க் ஷேரில் பல எம்எஸ்யூக்களை வைத்து, அங்கிருந்தே ஒன்றை டபுள் கிளிக் செய்தால் 2025 மே இறுதி அப்டேட்டுக்குப் பிறகு 'பேட் பாத்நேம்' பிழை வருவது மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்ட குறை. கோப்புகளைக் கணினிக்குள் நகலெடுத்து அங்கிருந்து ஓட்டினால் வராது. நிறுவி, ரீஸ்டார்ட் ஆன பிறகும் செட்டிங்ஸின் ஹிஸ்டரி பக்கம் கொஞ்ச நேரம் 'ரீஸ்டார்ட் தேவை' என்றே காட்டக்கூடும். மறுபடி நிறுவாமல், வின்வரில் பில்ட் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.