முடியுரு நாடிப் பிஸ்ரியூலா: சுருளா, தையலா, சும்மா விடுவதா?

இதயத் தசைக்குப் போகவேண்டிய இரத்தத்தை முடியுரு நாடி நேரே இதய அறைக்குள் கொட்டுவதுதான் இந்தக் குறை. பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. அநேகமானவை இதயத்தின் வலப்பக்கத்துக்குள்ளேயே திறக்கும். "கீறாமல் அடைக்கேலாதோ?" என்றுதான் வீட்டார் முதலில் கேட்பார்கள். அதற்கு விடை ஓட்டையின் அமைப்பில் இருக்கிறது.

சிறியது, அறிகுறியில்லை, அறைகள் வீங்கவில்லை என்றால் தொடவே வேண்டாம். 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை எக்கோ போதும். பெரியது அப்படியல்ல, நோவு, இளைப்பு இல்லாவிட்டாலும் அடைப்பதே நல்லது.

கதீற்றர் முறை, அதாவது இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பது (முதலில் செய்தது 1983), ஒற்றை வாயும் (திறக்கும் துளை) ஒடுங்கிய முடிவும் உள்ளதற்குப் பொருந்தும். அடைக்கும் இடத்தருகே தசைக்குப் போகும் கிளை இருக்கக்கூடாது. அதனால் முதலில் பலூனை ஊதி அடைத்து, சில நிமிடங்கள் ஈசிஜியைப் பார்ப்பார்கள். எஸ்ரி (தசைக்கு இரத்தம் குறைவதைக் காட்டும் ஈசிஜிக் கோட்டுப் பகுதி) மாறினால் அந்த இடம் சரிவராது. அடைக்க வைக்கும் உலோகக் கம்பிச் சுருள், இரத்தக்குழாயின் அகலத்தைவிட 20–30% பெரிதாக வேண்டும். சிறிதானால் இரத்தம் அதை நுரையீரல் நாடிக்கு அடித்துப்போகும். மிகப் பெரிதானால் வளையாமல் நீண்டு, நல்ல நாடிக்குள் வால்விடும். அகன்ற வாய்க்குச் சுருளைவிட பிளக் (கம்பிவலையாலான அடைப்பான்) நல்லது.

பல வாய்கள், வளைந்து நெளிந்த நாடி, பெரிய வீக்கம், கூடவே திருத்தவேண்டிய வால்வு என்றால் சத்திரசிகிச்சைதான். 1947 முதல் செய்யப்படுகிறது. ஓரத்தில் முடிவதை இதயம் துடிக்கத் துடிக்கவே கட்டலாம். அறைக்குள்ளிருந்து தைப்பதற்கு இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டும். அப்போது இதயத்தை நிறுத்தும் திரவமும் அதே ஓட்டையால் ஒழுகிவிடும். விரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால் தசைக்குப் பாதுகாப்பில்லை. மார்பெலும்பு பொருந்த 6–8 கிழமை. அதுவரை மோட்டார் சைக்கிள் ஓடேலாது.

இடது இதயவறைக்குள் நுண்ணியதாகப் பல திறந்தால் இரண்டும் உதவாது, மருந்துதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளை அனுப்புவது பெரும்பாலும் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு. றிப்போட் தாளோடு எக்கோ, சி.ரி. படங்களின் சி.டி.யையும் கொண்டுபோங்கோ, வாய் எத்தனை, எங்கே என்பதைத் தாளில் பார்க்கேலாது.

அடைத்தபின் வரும் ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. வீங்கிய நாடியில் ஓட்டம் மந்தமாகி இரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரலாம். அஸ்பிரின் குறைந்தது 6 மாதம். வீக்கம் பெரிதானால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரினும் சேர்ப்பார்கள். வோபரின் எடுப்பவர் முருங்கையிலை வறையை ஒரு கிழமை நாளாந்தம் சாப்பிட்டு மறுகிழமை அறவே விட்டால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) தளம்பும். விடவேண்டாம், அளவை மாற்றாமல் சாப்பிடுங்கோ.