நாட்டுப் பெயர்களும் அண்டை நாட்டார் மனமும்: ஐஎஸ்ஓ 3166 பட்டியல் குறித்து ஒரு மதிப்புரை

இணையத்தில் பதிவுப் படிவங்களைத் திறந்தால் 'நாட்டைத் தேர்ந்தெடுக்கவும்' என்றொரு பெட்டி இருக்கும். அதில் விரியும் பெயர்கள் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 3166-1 என்ற சர்வதேசத் தரநிலையை ஒட்டியவை. 1974-இல் முதன்முதலாக வெளியான இந்தத் தரநிலையில் இன்று 249 பதிவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஈரெழுத்துக் குறியீடு, மூவெழுத்துக் குறியீடு, மூன்றிலக்க எண் ஆகியவை உண்டு. தமிழ்ச் செயலிகளுக்கான நாட்டுப் பெயர்களைச் சரிபார்க்கும் வேலையில் இதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவன் என்ற முறையில், ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து இதை மதிப்பிட விரும்புகிறேன். ஒரு நாடு தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அண்டை நாட்டு மக்களைப் புண்படுத்துகிறது என்றால், அந்தச் சூழலை இந்தப் பட்டியல் எப்படிக் கையாளுகிறது?

இதை வெளியிடும் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ தானாக எந்த நாட்டுக்கும் பெயர் வைப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் ஆவணங்களில் உள்ள பெயரை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு குறியீட்டை ஒதுக்குவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். என் கணிப்பில் இதுவே இப்பட்டியலின் மிகப் பெரிய பலம். பெயர்த் தகராறில் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் ஒரு தொழில்நுட்ப அமைப்பின் கையில் போயிருந்தால், இரு தரப்பில் ஒரு தரப்பு அந்தப் பட்டியலை என்றோ கைவிட்டிருக்கும்.

மாசிடோனியாவின் கதை இதற்கு நல்ல சான்று. 1991-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த அந்தக் குடியரசு, மாசிடோனியா என்ற பெயரையே வைத்துக்கொண்டது. கிரீஸின் வடபகுதிக்கும் அதே பெயர்தான். இன்றும் அங்கே கிழக்கு, மத்திய, மேற்கு மாசிடோனியா என்ற அடைமொழிகளோடு நிர்வாகப் பகுதிகள் இருக்கின்றன. பெயரை எடுத்துக்கொண்டவர்கள் நாளை நிலத்தையும் கேட்பார்கள் என்ற அச்சமும், தங்கள் பண்டைய வரலாறு பறிபோகிறது என்ற வேதனையும் கிரேக்கர்களிடம் ஒன்றாகக் கலந்திருந்தன. கிரீஸின் வெர்கினாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பதினாறு கதிர்ச் சூரியச் சின்னத்தைப் புதிய நாடு தன் கொடியில் பொறித்தது அந்த அச்சத்தை இன்னும் வளர்த்தது. 1993-இல் ஐ.நா.வில் சேர்ந்தபோது, 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற தற்காலிகக் குறிப்புப் பெயரோடுதான் அந்நாட்டால் நுழைய முடிந்தது. இருக்கை வரிசையில்கூட இழுபறி இருந்தது. 'எம்' எழுத்தின் கீழ் அமர்த்துவதைக் கிரீஸ் ஏற்கவில்லை. 'முன்னாள்' என்பதைக் குறிக்கும் 'எஃப்' எழுத்தின் கீழ் அமர அந்நாடு சம்மதிக்கவில்லை. கடைசியில் ஆங்கிலச் சுட்டுச்சொல்லான 'தி'யின் (The) முதலெழுத்தான 'டி'யைக் (T) கொண்டு தாய்லாந்துக்கு அருகில் இடம் ஒதுக்கினார்கள்.

அந்த ஆண்டுகளில் ஐஎஸ்ஓ பட்டியல் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். பெயர்ப் பத்தியில் ஐ.நா.வின் நீண்ட குறிப்புப் பெயரையே அது எழுதியது, ஆனால் குறியீடாக எம்கே, எம்கேடி என்பவற்றை ஒதுக்கியது. பெயர் மீதான சண்டை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டபோதும் அந்தக் குறியீடுகள் மாறவில்லை. 2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கையே இதற்கு முத்திரை வைத்தது. நாட்டின் பெயர் வட மாசிடோனியா ஆகும், வாகனங்களுக்கான குறியீடு மட்டும் மாறும், மற்ற எல்லாத் தேவைகளுக்கும் ஐஎஸ்ஓ வழங்கிய எம்கே, எம்கேடி தொடரும் என்று அந்த ஒப்பந்தமே வெளிப்படையாகக் கூறுகிறது. இத்தனை கசப்புக்குப் பிறகு இரு தரப்பும் ஒரு தரநிலையின் குறியீட்டைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டதை, அதற்குக் கிடைத்த மிக உயர்ந்த சான்றிதழாக நான் கருதுகிறேன்.

ஒரே பெயரை இருவர் பகிர்ந்துகொண்டாலே மனக்கசப்பு வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. லக்சம்பர்க் என்ற நாட்டை ஒட்டி, அதே பெயரில் பெல்ஜியத்தின் மாகாணம் ஒன்று இருக்கிறது. பரப்பளவில் அந்த மாகாணம் நாட்டைவிடப் பெரியது. ஆனாலும் இன்று அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வருவதில்லை. தஹோமே என்றிருந்த நாடு 1975-இல் பெனின் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. வரலாற்றில் புகழ்பெற்ற பெனின் அரசு இருந்ததோ அண்டை நாடான நைஜீரியாவின் எல்லைக்குள். அதுவும் மாசிடோனியாவைப் போன்ற பகையாக வெடிக்கவில்லை. பெயருக்குப் பின்னால் நில உரிமை கோரப்படும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில்தான் புண் ஆழமாகிறது. அயர்லாந்து 1937 அரசியலமைப்பில், பிரிட்டனிடம் இருந்த வடபகுதியையும் சேர்த்துத் தீவு முழுவதையும் தன் தேசியப் பிரதேசமாக அறிவித்ததால், அந்தப் பெயரை அப்படியே சொல்ல பிரிட்டன் நெடுங்காலம் தயங்கியது; 1998 ஒப்பந்தத்தின் வழியே அந்த உரிமைகோரல் கைவிடப்பட்ட பின்னரே பெயர்ப் பிணக்கும் தணிந்தது. 1918-இல் அசர்பைஜான் என்ற பெயரில் ஒரு குடியரசு தோன்றியபோது, தன் வடமேற்கு மாகாணத்தின் பெயர் அது என்பதால் ஈரான் கலங்கியதற்கும் இதே அச்சந்தான் காரணம். 1947-இல் புதிய அரசு இந்தியா என்ற பெயரையே வைத்துக்கொண்டதை ஜின்னா எதிர்த்து மவுண்ட்பேட்டனுக்குக் கடிதம் எழுதினார். அதில் நிலத்தைவிட, பொதுவான வரலாறு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே மேலோங்கி நின்றதாக நான் நினைக்கிறேன்.

பட்டியலின் குறைக்கு வருகிறேன். ஐ.நா.வின் பெயரை அப்படியே ஏற்பது என்ற விதி, ஐ.நா.வில் இடமில்லாதவர்களுக்குக் கடுமையான விதியாகிவிடுகிறது. தைவானைச் சீனாவின் மாகாணம் என்று இப்பட்டியல் குறிப்பிடுகிறது. தைவான் 2007-இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தும் பலன் கிடைக்கவில்லை. பட்டியலை அப்படியே நகலெடுத்து ஒட்டிய படிவத்தில், அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் தன் ஊரைத் தேடும்போது தான் ஏற்காத ஓர் அடைமொழியைத் தெரிவு செய்தே அடுத்த பக்கத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. படிவத்தைத் தயாரித்தவருக்கு அரசியல் நோக்கம் எதுவும் இருக்காது. ஆனால் அவமதிப்பு உண்மையானதே, அதைச் சிறிய விஷயமாக நான் எண்ணவில்லை.

இந்த இடத்தில் யூனிகோட் அமைப்பு இலவசமாக வழங்கும் சிஎல்டிஆர் தரவுத் தொகுப்பு கைகொடுக்கிறது. ஐஎஸ்ஓவின் அதே குறியீடுகளுக்கு மக்கள் வழக்கில் உள்ள பெயர்களை அது தருகிறது. தைவான் அதில் தைவான் மட்டுமே. இரண்டு காங்கோக்களையும் அது தலைநகரின் பெயரோடு சேர்த்துப் பிரித்துக் காட்டுகிறது. தமிழிலும் நாட்டுப் பெயர்கள் கிடைப்பது நமக்குக் கூடுதல் வசதி, ஏனெனில் ஐஎஸ்ஓ பட்டியலில் தமிழுக்கு இடமில்லை. ஆயினும் மியான்மாருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் பர்மா என்றும் எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வாசகரின் வசதிக்காகச் செய்தது என்றாலும், முடியாமல் கிடக்கும் ஒரு விவாதத்தைப் படிவத்துக்குள் இழுத்து வருகிறது.

இரண்டு தொகுப்புகளும் தொடாத இடம் ஒன்று உண்டு. குடியுரிமை என்ற பெட்டியில் என்ன எழுதுவது என்று அவை சொல்வதில்லை. அதனால் பல மென்பொருள்கள் நாட்டுப் பெயரோடு விகுதியைத் தாங்களே ஒட்டி 'வட மாசிடோனியர்' என்று காட்டிவிடுகின்றன. பிரெஸ்பா உடன்படிக்கையின்படி நாட்டின் பெயர்தான் மாறியது. குடிமக்களை 'மாசிடோனியர் / வட மாசிடோனியக் குடியரசின் குடிமகன்' என்றே ஆவணங்களில் குறிக்க வேண்டும், அவர்கள் மொழியின் பெயரும் மாசிடோனியன்தான். கிரேக்கர்களின் மனக்குறையைத் தீர்க்க ஒரு மக்கள் தங்கள் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்ட பிறகு, அவர்கள் விட்டுக்கொடுக்காத இதையும் கவனக்குறைவால் பறிப்பது நியாயமில்லை.

ஆகவே படிவம் தயாரிப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: தரவுத்தளத்தில் ஐஎஸ்ஓ குறியீட்டை மட்டும் சேமியுங்கள், திரையில் காட்டும் பெயரை சிஎல்டிஆரிலிருந்து எடுத்து, புதிய பதிப்பு வரும்போதெல்லாம் புதுப்பியுங்கள், குடியுரிமைக்குத் தனியாக ஒரு பட்டியலைக் கையால் தயாரித்து, அந்தந்த நாட்டின் அரசு ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2019-க்கு முன் நகலெடுத்த பட்டியல் உங்கள் படிவத்தில் இருந்தால், 'முன்னாள் யூகோஸ்லாவிய' என்ற தொடர் அதில் இன்னும் இருக்கக்கூடும். முதலில் அதை நீக்குங்கள்.