லைட்ரூமின் கலர் கிரேடிங்: பொன்னொளி எங்கே விழ வேண்டும்

படத்துக்குப் பொன்னிறம் ஏற்ற, லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில், படத்தை நீலத்துக்கோ மஞ்சளுக்கோ சாய்க்கும் டெம்பரேச்சர் ஸ்லைடரை மஞ்சள் பக்கம் இழுத்தால் போதும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படித் திருத்திய பழைய படங்களை இன்று பார்த்தால் காமாலைக் கண்ணைப் பற்றிய பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. வெயில் படாத சுவர், வெள்ளைச் சட்டை, சிரிக்கும் பற்கள் என அனைத்திலும் ஒரே மஞ்சள். அடோபி நிறுவனம் 2020 அக்டோபரில், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் மட்டும் நிறமேற்றிய பழைய ஸ்பிளிட் டோனிங்குக்கு மாற்றாக லைட்ரூமில் கொண்டுவந்த கலர் கிரேடிங் பகுதியை நான் மதிப்பது, இந்தத் தவற்றைத் தவிர்க்க அது வழிகாட்டுவதால்தான்.

தாழ்ந்திருக்கும் சூரியனின் கதிர்கள் காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகையில் நீல ஒளி வழியிலேயே சிதறிவிடுவதால் மாலை வெயில் பொன்னிறம் கொள்கிறது. கதிர் நேரே படாத நிழற்பகுதிகளுக்கோ வானத்தின் நீல ஒளியே மிகுதியாகக் கிடைக்கிறது. மஞ்சளுக்கும் அதையொட்டிய இந்த நீலச் சாயலுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கண் பொன்னொளியாக உணர்கிறது. கலர் கிரேடிங்கில் நிழல், இடைநிலை, வெளிச்சம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வண்ணச் சக்கரங்களும், படம் முழுமைக்கும் பொதுவான ஒன்றும் இருப்பதால், இந்த வேறுபாட்டை அப்படியே அமைக்க முடிகிறது. வெளிச்சப் பகுதியின் சக்கரத்தில் ஹியூவை (நிற வகை) 45க்கு அருகிலும் சாச்சுரேஷனை (நிறச் செறிவு) 20 அளவிலும் வைத்து, நிழலுக்கு ஹியூ 220ஐயொட்டி மிக மெல்லிய நீலம் கொடுப்பது என் வழக்கம். பேலன்ஸ் ஸ்லைடரை நேர்மப் பக்கம் சற்று நகர்த்தினால் பொன்னிறம் இடைநிலைக்கும் பரவும். பிளெண்டிங்கை மிகுதியாகக் கூட்டினால் இரு நிறங்களும் ஒன்றில் ஒன்று கலந்து, பாடுபட்டு உண்டாக்கிய வேறுபாடு மங்கிப்போகும்.

டெம்பரேச்சர் ஸ்லைடர் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. சிறிதளவு நகர்த்துவது நல்ல அடித்தளமாகும். கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளில், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைக் கூட்டக் கூட்டப் படம் மஞ்சளாவது புதியவர்களைக் குழப்பும், ஏனெனில் மெழுகுவர்த்தியின் மஞ்சள் ஒளி ஏறத்தாழ 1900 கெல்வின்தான், நண்பகல் ஒளியோ 5500 கெல்வின் அளவில் இருக்கிறது. எண்ணைக் கூட்டும்போது, ஒளி இவ்வளவு நீலமாக இருந்தது என்று மென்பொருளிடம் நாம் சொல்கிறோம், அது மஞ்சளைச் சேர்த்து ஈடுசெய்கிறது.

நிறம் அமைந்தபின் எஞ்சுவது ஒளிர்வு. சூரியன் எந்தத் திசையில் இருந்ததாகக் காட்ட விரும்புகிறோமோ அந்த ஓரத்தில் வட்டமான ஒரு பகுதியை மட்டும் திருத்த உதவும் பெரிய ரேடியல் மாஸ்க்கை இட்டு, அதற்குள் டெம்பரேச்சரையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) சற்றே உயர்த்தி, மூடுபனியை நீக்கும் டீஹேஸை எதிர்மப் பக்கம் நகர்த்தினால் மெல்லிய மூடுபனி ஊடே ஒளி கசிவதுபோன்ற தோற்றம் கிடைக்கிறது. அந்த மாஸ்க்கிலிருந்து மனித உருவத்தைக் கழித்துவிட்டால், ஒளி அவருக்குப் பின்னாலிருந்து வருவதாகத் தோன்றுவது இதன் மிகச் சிறந்த பயன் என்பேன்.

குறைகளும் உண்டு. சக்கரங்கள் வெளிச்ச அளவை மட்டுமே பார்த்துப் பிரிக்கின்றனவே தவிர, பொருளைப் பார்ப்பதில்லை. ஆகவே வெளிச்சமான தோலும் வெண்ணிற ஆடையும் சேர்ந்தே மஞ்சளாகின்றன. ஆரஞ்சு நிறத்தின் சாச்சுரேஷனைக் குறைத்து லூமினன்ஸைச் (பிரகாசம்) சற்று உயர்த்தித் தோலை மீட்கலாம், ஆடைக்குத் தனி மாஸ்க் தேவைப்படும். திரையை மஞ்சளாக்கும் இரவு முறையை அணைத்துவிட்டு வேலை செய்வது நல்லது. அணைத்த பிறகும் சில நிமிடங்களில் கண் மஞ்சளுக்குப் பழகிவிடுகிறது என்பதால், நான் ஒரு படத்தை மறுநாள் பார்க்காமல் சேமிப்பதில்லை.

எந்தச் சக்கரத்தாலும் நிழலின் திசையை மாற்ற இயலாது. உச்சி வெயிலில் கண்குழிகளிலும் மூக்கின் கீழும் விழுந்த கருநிழல், எவ்வளவு பொன்னிறம் பூசினாலும் நேரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய படங்களை நான் இந்தப் பகுதிக்குக் கொண்டுவருவதே இல்லை. அழுத்தமான நிழலே விழாத மேகமூட்ட நாளின் படங்களில்தான் இது நம்பும்படியாக அமைகிறது.