துறைக்கொரு கருவியா, பல்கலைக்கழகத்துக்கொரு பொது மையமா?

அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் கருவி வாங்கப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. மின்னணு நுண்ணோக்கி, எக்ஸ் கதிரால் படிக அமைப்பை அளக்கும் எக்ஸ்.ஆர்.டி., காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறு அமைப்பை அறியும் என்.எம்.ஆர். என்று பட்டியலும் தயார். சண்டை அடுத்த கேள்வியில்தான் தொடங்கும்: எங்கே வைப்பது? எழுதிக் கேட்டு வாங்கிய துறையிலா, எல்லோருக்கும் பொதுவான கருவி மையத்திலா? இந்த அலசல் பொது மையத்தின் பக்கம் சாய்ந்ததுதான்; முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த வாதங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஒரே கருவியை மூன்று துறைகள் தனித்தனியே வாங்குவது வீண்செலவு. துறையில் இருந்தால் நினைத்த நேரத்தில் ஓட்டலாம், மையத்தில் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டும். தர மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் துறைத் தலைவருக்குக் காட்டிக்கொள்ள ஒன்று இருக்கும். எல்லாம் சரி. ஆனால் கேட்க வேண்டியது வேறு: வாங்கிய ஆறாவது ஆண்டில் அந்தக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறதா?

உத்தரவாதக் காலம் முடியும்வரை இரண்டு ஏற்பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பழுதானால் நிறுவனத்தின் பொறியாளர் வருவார், பாகம் வரும், யாரும் பணம் தேட வேண்டியதில்லை. அதன்பிறகுதான் பராமரிப்பு ஒப்பந்தம், உதிரிப் பாகம், ஆபரேட்டர் சம்பளம் மூன்றும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். கருவி வாங்கத் தந்த திட்ட நிதியில் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் இடமிருக்காது. துறையின் ஆண்டுச் செலவுத் தொகையோ வேதிப்பொருளுக்கும் கண்ணாடிச் சாமானுக்குமே பற்றாது.

இதில் முதலில் அறுந்து விழுவது ஆபரேட்டர் கண்ணி. துறையில் வைத்த கருவியை நடைமுறையில் ஓட்டுவது யாரோ ஒரு முனைவர் பட்ட மாணவர். நிறுவனம் தந்த இரண்டு நாள் பயிற்சியில் உட்கார்ந்தவர், மூன்று வருடம் ஓட்டி அதன் இருமல் தும்மல் எல்லாம் தெரிந்துவைத்திருப்பவர். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு அவர் போனதும், அடுத்தவருக்கு எஞ்சுவது ஒரு கையேடும் மேசையில் ஒட்டிய நான்கு சீட்டும்தான். மையம் என்றால் நிரந்தரப் பணியிடம் கேட்டு வாதாட ஓர் இடம் உண்டு. ஒருவர் விடுப்பில் போனாலும் பக்கத்து அறையில் இன்னொருவர் இருப்பார்.

அந்த ஆள் இருப்பதால் என்ன மாறுகிறது என்று பார்க்க, டங்ஸ்டன் இழை வைத்த சாதாரண ஸ்கேனிங் மின்னணு நுண்ணோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். இழை ஏறக்குறைய நூறு மணி நேரம் எரியும். வெற்றிடம் மோசமாக இருந்தால் அதற்கும் முன்பே போய்விடும். மாற்ற வேண்டுமென்றால் மின்னணுக்களை உமிழும் துப்பாக்கிப் பகுதியைக் குளிர விட்டு, காற்றை உள்ளே விட்டு, மூடியைக் கழற்றி, இழையைச் சூழ்ந்திருக்கும் கரி படிந்த வேனெல்ட் கிண்ணத்தைப் பாலிஷ் பசையால் தேய்த்து, ஆல்கஹாலில் கழுவி உலர்த்தி, புது இழையைத் துளையின் நடுவில், சொன்ன உயரத்தில் நிறுத்த வேண்டும். பழகிய கைக்கு இது அரை மணி நேர வேலை. பழகாதவர் இழையை வளைத்துவிடுவார், அல்லது நடு விலகி வைத்துவிட்டுப் படம் ஏன் மங்கலாக வருகிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வார். அடுத்த தவறு பொடி சாம்பிள். கார்பன் நாடாவில் தூவியபின் ஒட்டாத துகள்களைக் காற்றடித்து ஊதிவிடாமல் உள்ளே வைத்தால், அவை கிளம்பிப் போய் உணர்கருவியிலும் லென்ஸ் முனையிலும் உட்கார்ந்துகொள்ளும். ஈரம் முழுதாகக் காயாத சாம்பிளும் அப்படித்தான். ஆவி விட்டுக்கொண்டே இருப்பதால் வெற்றிடம் இறங்கவே இறங்காது. ஆபரேட்டர் வாசலிலேயே நின்று இதைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆள் இல்லாத துறையில் கருவியின் கழுத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியவரும்.

எக்ஸ்.ஆர்.டி.யில் ஆபத்து இன்னும் ஓசையில்லாமல் வரும். கருவி பழுதானால் நல்லது, நின்றுவிடும். பழுதாகாமல் தவறாக அளந்தால்தான் வினை. செம்பு இலக்குக் குழாய் வைத்த கருவியில் தூய சிலிக்கன் பொடியில் பட்டு வரும் கதிரின் முதல் உச்சம் 28.44 பாகையில் வர வேண்டும். வாரம் ஒருமுறை, திங்கள் காலை, அந்தப் பொடியை வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது கால் மணி நேர வேலை. உச்சம் நகர்ந்திருந்தால் சீரமைப்பு கெட்டிருக்கிறது, அல்லது சாம்பிள் தட்டின் உயரம் சரியில்லை. இந்தப் பதிவேடு இல்லாத இடத்தில் மாணவர் ஒருவர் ஆறு மாதம் எடுத்த அணிக்கோவை அளவுகள் (படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கிய இடைவெளிகள்) முழுவதும் பிசகியிருக்கலாம். ஆய்வேட்டுத் தேர்வாளர் கேட்கும்போதுதான் வெளியே வரும். மாணவர் சாதனை, ஆய்வுத் தரம் என்றெல்லாம் ஆண்டறிக்கையில் எழுதுகிறோமே, அதன் அடியில் இருப்பது இந்தப் பதிவேடு.

அதே கருவியைக் குளிர்நீர் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் 'சில்லர்' இயந்திரத்தையும் சொல்லியாக வேண்டும், யாரும் சொல்வதில்லை என்பதால். அதில் தாதுநீக்கிய நீருக்குப் பதில் குழாய்நீரை ஊற்றினால் சுண்ணம் படியும். மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டால் பாசி பிடித்து வடிகட்டி அடைக்கும். நீரோட்டம் குறைந்ததும் பாதுகாப்புச் சுவிட்ச் கதிர்க்குழாயை அணைத்துவிடும். "எக்ஸ்-ரே வரவில்லை" என்று புகார் எழுதி, பொறியாளரை வரவழைத்து, கடைசியில் வடிகட்டியைக் கழுவி மாட்டிவிட்டுப் போவார்கள்.

என்.எம்.ஆர். வந்துவிட்டால் விவாதமே முடிந்த மாதிரிதான். அதன் காந்தச் சுருள் பொதுவாக நையோபியம்–டைட்டானியக் கம்பி. திரவ ஹீலியத்தில், அதாவது 4.2 கெல்வினில், மூழ்கிக் கிடக்கும்வரைதான் அது மின்தடையின்றி இருக்கும். அதைச் சுற்றி 77 கெல்வினில் திரவ நைட்ரஜன் உறை. நைட்ரஜனை வாரம் ஒருமுறை அல்லது இருவாரத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை. கருவியை ஒருவர்கூடத் தொடாத விடுமுறையிலும் இது நிற்காது. மட்டம் இறங்கிச் சுருளின் ஒரு முனை சூடேறினால் காந்தத்தில் தேங்கிய ஆற்றல் முழுதும் வெப்பமாகி, ஹீலியம் சில நிமிடங்களில் கொதித்துப் போய்விடும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறை வெப்பத்தில் சுமார் 750 லிட்டர் வாயு. அது அறைக்குள் நிறைந்தால் மூச்சுவிடக் காற்று இருக்காது. அதனால்தான் கூரைக்கு மேல் போகும் வெளியேற்றுக் குழாயும் ஆக்சிஜன் குறைவு எச்சரிப்பானும் கட்டாயம். பிறகு மறுபடி குளிர்வித்து, ஹீலியம் நிரப்பி, மின்னேற்றி, சீராக்க வாரக்கணக்கில் ஆகும். கல்வியாண்டு முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டுப் போகும் துறையில் இதை வைப்பது, கறவை மாட்டைக் கட்டிவைத்துவிட்டு ஊருக்குப் போவது போல.

பயன்பாட்டுக் கணக்கும் இதே பக்கம்தான் சாயும். ஆண்டுக்கு 220 வேலை நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 1,320 மணி. ஒரு துறையில் நான்கு ஆய்வு மாணவர்கள், ஆளுக்கு வாரம் மூன்று மணி, நாற்பது வாரம் என்று வைத்துக்கொண்டால் 480 மணிதான். மீதி நேரமெல்லாம் கருவி சும்மா இருக்கும். வெற்றிடப் பம்பு மட்டும் ஓடும், எண்ணெய் கறுக்கும், ஒப்பந்தத் தொகை ஏறும்.

இவ்வளவு சொன்னபிறகு, மையங்கள் கெட்டுப்போகும் வழிகளையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. முதலாவது கட்டணம். செலவை முழுத்திறனான 1,320 மணியால் வகுத்துக் கட்டணம் வைத்துவிடுவார்கள். பழுது, தேர்வுக்காலம், மின்வெட்டு எல்லாம் போக உண்மையில் ஓடியது 900 மணி என்றால், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. கடந்த ஆண்டு பதிவேட்டில் உள்ள மணிகளால்தான் வகுக்க வேண்டும். அந்த வருமானமும் பல்கலைக்கழகப் பொதுக்கணக்கில் கலக்காமல் மையத்தின் தனிக்கணக்கில் நிற்க வேண்டும். இழை வாங்கக் கோப்பு ஏழு மேசை ஏறி இறங்கினால் மையமும் துறையும் ஒன்றுதான்.

இரண்டாவது குறை மாணவரைத் தொடுவது. சாம்பிளை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பத்து நாள் கழித்துப் படத்தை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளும் மாணவருக்குக் கருவி ஒரு சேவைக் கவுண்டர், அவ்வளவுதான். வேலை நேர்காணலில் 'எந்த மின்னழுத்தத்தில் எடுத்தீர்கள், ஏன்?' என்றால் விழிப்பார். துறையில் வைத்த கருவி இந்த விஷயத்தில் மேல். கைபட்டுக் கற்றுக்கொள்கிறார்கள், கெடுத்தும் கற்றுக்கொள்கிறார்கள். மையத்தில் இதற்கு மாற்று, படிப்படியான ஓட்டுநர் அனுமதி. முதலில் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று அமர்வு, பிறகு அவர் பார்க்கத் தானே இரண்டு அமர்வு, ஒரு சிறு செய்முறைத் தேர்வு. தேறியவருக்கு மாலை ஆறு மணிக்குமேல் நேரம். இழை மாற்றுவது மட்டும் ஆபரேட்டர் கையில். விடுதி மாணவர்களுக்கு இந்த இரவு நேரம்தான் உண்மையான கொடை. பகல் வரிசையும் குறையும். இரவில் தனியாக யாரும் இருக்கக் கூடாது, இருவராகத்தான் என்ற விதியைத் தளர்த்தவே கூடாது.

எல்லாவற்றையும் மையத்துக்கு இழுப்பதும் பைத்தியக்காரத்தனம். கலவையின் கூறுகளைப் பிரித்தளக்கும் எச்.பி.எல்.சி., யு.வி. நிறமாலைமானி, மையவிலக்கி, பி.சி.ஆர். ஆகியவை துறையிலேயே இருக்கட்டும். எச்.பி.எல்.சி.யை இன்று ஒருவர் பாஸ்பேட் கரைசலில் ஓட்டி, நீரால் கழுவாமல் நேரே அசிட்டோநைட்ரைலுக்கு மாறினால் உப்பு படிந்து, அழுத்தம் ஏறி, பம்பு சீல் கிழியும். பத்துத் துறை மாணவர்கள் மாறிமாறித் தொடும் மையத்தில் இது வாராவாரம் நடக்கும். நான்கு பேர் மட்டும் ஓட்டும் ஆய்வகத்தில் யார் கழுவவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வெட்கம் எந்த விதிமுறைப் பலகையையும்விட நன்றாக வேலை செய்கிறது.

உயிரியல் துறைகளுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். உயிருள்ள செல்லை எடுத்துக்கொண்டு வளாகத்தின் மறுகோடிக்கு நடக்க முடியாது. அங்கே உயிரணுப் படம்பிடிக்கும் நுண்ணோக்கி வளர்ப்பு அறைக்கு அடுத்த கதவில் இருப்பதே சரியாகப் படுகிறது. மூன்று நான்கு ஆய்வுக் குழுக்கள் மட்டுமே உள்ள சிறு பல்கலைக்கழகத்துக்கும் தனி மையம் சுமையாகலாம்.

எந்தப் பக்கம் போனாலும் ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போதே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: உத்தரவாதம் முடிந்தபின் ஐந்தாண்டு முழுப் பராமரிப்பின் விலை, முக்கிய உதிரிப் பாகங்களின் விலைப்பட்டியல். கருவியை இறக்கி வைத்தபிறகு அதைக் கேட்டால், விலையைச் சொல்பவர் விற்றவர்தான். தலையாட்ட வேண்டியது நீங்கள்.