பாட்டில் எமல்ஷன்: சரக்கு நல்லது, கையேடு போதாது

தாளிலும் கண்ணாடியிலும் கையால் பூசுவதற்கென்று பாட்டிலில் விற்கும் சில்வர் ஜெலட்டின் எமல்ஷனை, அதாவது புகைப்படம் அச்சிட உதவும், ஒளி உணரும் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் கூழைப் பற்றியது இந்த மதிப்பீடு. சரக்கில் பெரிய குறையில்லை. பூசும் முறையை நான்கே வரியில் முடித்துவிடும் கையேடுதான் முதல் தாள்களைப் பாழாக்குகிறது.

குளிர்ந்திருக்கும்போது இது கெட்டிக் கூழ். சிவப்பு விளக்கின் கீழ், தேவையான அளவைப் பிளாஸ்டிக் கரண்டியால் வெட்டி எடுத்து, 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீர்த் தொட்டியில் வைத்துத் தனியே உருக்குங்கள். முழுப் பாட்டிலையும் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் ஃபாக், அதாவது ஒளி படாத இடத்திலும் வரும் கருமை, ஏறி, படத்தின் வெள்ளை சாம்பல் நிறமாகிவிடும். இரும்பு, செம்பு, பித்தளை எதுவும் படக்கூடாது, கரும்புள்ளி விழும். உருகியதைக் குலுக்கவும் கூடாது. அதில் எழும் குமிழ் ஒவ்வொன்றும் தாளில் ஒரு வெள்ளைப் புள்ளி.

கையேடு தூரிகையைச் சொல்கிறது. தூரிகைத் தடம் வேண்டும் என்பவர்களுக்குச் சரி. சீரான பூச்சு வேண்டுமானால் கண்ணாடிக் கோல்தான். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மைக்ரான் ஈரப்பூச்சுக்கு ஒரு மில்லிலிட்டர். 20 × 25 செ.மீ. தாள் 0.05 சதுர மீட்டர். 150 மைக்ரானுக்கு 7.5 மி.லி. கோலில் ஒட்டுவதையும் சேர்த்து 10 மி.லி. எடுத்தால், 250 மி.லி. பாட்டிலில் 25 தாள் வரும்.

கையேடு அறவே விட்டுவிட்டது உறையவைக்கும் கட்டத்தை. புகைப்படத் தாள் தொழிற்சாலையில் சரிவான பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வழியும் அடுக்குகள், ஒன்றோடொன்று கலக்காமலே, ஓடும் தாளின்மேல் ஒரே வீச்சில் படிகின்றன. அடுத்த கணமே குளிரூட்டி அந்தப் பூச்சைக் கூழாக உறையவைத்துவிடுகிறார்கள். வெப்பக் காற்று அதற்குப் பிறகுதான். உறைவது முதலில், உலர்வது பின்னால். இந்த வரிசை மாறினால் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து, ஓரத்தில் தடித்து நிற்கும். ஆகவே தாளை ரசமட்டம் பார்த்து வைத்த குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் கிடத்திப் பூசி, பளபளப்பு அசையாமல் நிற்கும்வரை பத்து நிமிடம் விடுங்கள். பிறகு இருட்டில், சூடில்லாத காற்றோட்டத்தில் இரவு முழுக்க உலரட்டும். முதல் பூச்சு முழுதும் காயாமல் இரண்டாவதைப் போட்டால், வெதுவெதுப்பான எமல்ஷன் அடியிலுள்ளதைக் கரைத்துவிடும்.

பூச்சு வட்டமாக விலகிப் பள்ளம் விழுந்தால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது, பெரும்பாலும் கைரேகை. தாள் முழுக்கப் பரவத் தயங்கினால் வெட்டிங் ஏஜென்ட் (திரவம் எளிதில் பரவ உதவும் பொருள்) சில துளிகள் போதும், அதிகமானால் நுரைக்கும்.

கண்ணாடிக்குக் கூடுதல் பாடு உண்டு. சலவைச் சோடாவால் கழுவி, குரோம் ஆலம் (ஜெலட்டினை இறுக்கும் உப்பு) கலந்த மெல்லிய ஜெலட்டின் பூச்சை முதலில் காயவிடாவிட்டால், கழுவும்போது படம் ஓரத்திலிருந்து தோலாக உரிந்துவரும். ஹார்டனர் (ஜெலட்டினைக் கெட்டியாக்கும் பொருள்) சேர்க்காத பூச்சுக்கு டெவலப்பர், அதாவது படத்தைத் தோன்றவைக்கும் கரைசல், 20 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் ஜெலட்டின் ஊதி மென்மையாகிவிடும்.

இந்த வகை பெரும்பாலும் நீல ஒளிக்கே மசியும். அதனால் கான்ட்ராஸ்டை (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை) நிற ஃபில்டரால் மாற்ற இயலாது. ஆலைத் தாளில் எமல்ஷனுக்கு மேல் நிறமற்ற ஜெலட்டின் காப்பு அடுக்கு ஒன்று இருக்கும். இங்கே அது இல்லை. நகம் உரசினாலே டெவலப்பரில் கருங்கோடு எழும். காய்ந்த தாள்களை ஒன்றோடொன்று தேய்க்காமல், இடையே சுத்தமான தாள் வைத்து அடுக்குங்கள்.